வீரமலையின் சலங்கையும் என் ஆஸ்திரேலியாவும்

போன வாரம் பதுளை ரயில்வே ஸ்டேஷனில் ஒரு கங்காருவோடு நேருக்கு நேர் நிற்க நேர்ந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து என் மகளுக்கு வந்திருந்த பனங்கட்டிப் பெட்டியை எடுத்துவரப் போயிருந்தேன். சாமான் கொட்டகைக்குள் கால் வைத்ததுமே ஒரு வாடை மூக்கில் ஏறியது. ஈர வைக்கோலும் ஆட்டுக்கிடாயும் புளித்த புல்லும் ஒன்றாகக் கலந்த வாடை. வயதானபின் எனக்குக் கண் மங்கிவிட்டது, காது மந்தமாகிவிட்டது, மூக்கு மட்டும் இன்னும் வாலிபமாகவே இருக்கிறது. மூட்டைகளுக்கு நடுவே கம்பி அடித்த ஒரு பெரிய பெட்டி. ஊர் ஊராகக் கூடாரம் போடும் சர்க்கஸ்காரர் யாருடையதோ. உள்ளே ஒரு கங்காரு, முன்னங்கைகளை வயிற்றின்மேல் மடித்து வைத்துக்கொண்டு, அரசாங்கக் கச்சேரி வாசலில் தன் பெயரைக் கூப்பிடுவார்களா என்று காத்திருக்கும் மனிதரைப் போல உட்கார்ந்திருந்தது.

என் பெட்டியைத் தூக்க வந்த போர்ட்டர் நடுவயதுக்காரர். என்னைக் கண்டதும் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"கிளாக்கரய்யா, நீங்க அந்தச் சீமைக்கெல்லாம் போய்ட்டு வந்தவங்களாச்சே. இது கடிக்குமா, ஒதைக்குமா?"

நாற்பது வருஷத்துக்கு முன்னால் என்றால் இந்தக் கேள்விக்கு ஒரு பொழுது முழுக்கப் பதில் சொல்லியிருப்பேன். போன வாரம், எதற்கும் தள்ளி நில் என்று மட்டும் சொன்னேன். அவர் விடவில்லை.

"எங்கப்பா சொல்லுவாருங்க. ஐயா மொதலையவே கண்ணாலயே நிறுத்துனவருன்னு."

உன் அப்பா யார் என்று கேட்டேன்.

"கொஸ்லந்தையில தபாலு தூக்குனாரே, வீரமலை. நான் அவரு மகன், சுப்பையா."

நான் பனங்கட்டிப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். அது உட்காருவதற்கான பெட்டியல்ல. மகள் பிறகு திறந்து பார்த்தபோது பாதி வெல்லக்கட்டி நொறுங்கியிருந்தது, ரயில்காரர்கள்தான் போட்டு உடைத்தார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. பாருங்கள், இந்த வயதிலும் பழக்கம் போகவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் ஆஸ்திரேலியா போனது நிஜம். அதில் மட்டும் பொய் கிடையாது. பதுளைக் கடைத்தெருவில் எங்கள் அப்பாவுக்குத் துணிக்கடை. மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்து முடித்த சமயம், குயின்ஸ்லாந்துக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொழும்பில் ஆள் சேர்க்கிறார்கள், துரை சொல்வதைத் தமிழிலும் சிங்களத்திலும் எடுத்துச் சொல்ல ஒரு பையன் வேண்டுமாம் என்று யாரோ வந்து சொன்னார்கள். கடையில் மல் துணி அளந்து கிழிப்பதைவிடக் கப்பல் ஏறுவது மேல் என்று எனக்குப் பட்டது. கப்பலில் போன முதல் வாரம் முழுக்க மல் துணிதான் மேல் என்று பட்டது.

அங்கே நான் எதிர்கொண்ட பயங்கர மிருகங்களின் உண்மை வரலாறு மிகச் சின்னது. கங்காருவைப் பார்த்தேன். ஒருநாள் விடியற்காலை, கரும்புக் கொல்லையின் ஓரத்தில், ஆள் உயரத்துக்கு ஒன்று நின்றது. நான் அதைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. பிறகு இருவரும் ஓடினோம், எதிரெதிர்த் திசையில். யார் முதலில் ஓடியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. முதலையைப் பார்த்ததே கிடையாது. ஆற்றில் இருக்கிறது என்று எங்கள் சமையற்காரர் சொன்னார். அதன் பிறகு நான் ஆற்றுப் பக்கம் போகவில்லை. ஒருமுறை பாம்பைக் கண்டு அலறி ஊரைக் கூட்டினேன். அது குதிரைச் சேணத்தின் அறுந்த வார்.

என்னை உண்மையாகவே தாக்கியது ஒரு பறவை. காக்கை அளவுதான் இருக்கும், கறுப்பும் வெள்ளையுமாக. கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் காலத்தில் அதற்கு வெறி பிடித்துவிடும். என் குடிசைக்கும் கரும்பாலைக்கும் நடுவே ஒரு யூக்கலிப்டஸ் மரம். தினமும் காலையில் நான் அதன் கீழே போகும்போது, பின்னாலிருந்து சத்தமில்லாமல் பாய்ந்து வந்து உச்சந்தலையில் கொத்தும். அப்போது எனக்குக் குடுமி உண்டு. ஒருநாள் அது குடுமியைப் பிடித்து இழுத்தது. கொத்த இழுத்ததா, கூட்டுக்கு நார் தேடி இழுத்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுநாளிலிருந்து சோற்றுச் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆலைக்குப் போனேன். மொழிபெயர்ப்பாளர் வருகிறார் என்று ஆலையே வாசலில் வந்து நின்று சிரிக்கும். அங்கே வேலை செய்த வயதான வெள்ளைக்காரர் ஒருவர்தான் இரக்கப்பட்டு வழி சொன்னார்: அதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நட, கண்ணுக்கு நேராகப் பார்க்கிறவனை அது தாக்காது. செய்து பார்த்தேன், பலித்தது. பின்னோக்கி நடந்து இரண்டு தடவை கால்வாயில் விழுந்தேன், ஆனால் கொத்து விழவில்லை.

இந்த ஒரு பாடத்தைத்தான் நான் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தேன். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லா வினைக்கும் இந்தப் பறவைதான் வித்து.

ஊர் திரும்பிக் கடையில் உட்கார்ந்த முதல் நாளே, புடவை எடுக்க வந்தவர்கள் புடவையை விட்டுவிட்டு என்னைச் சுற்றிக்கொண்டார்கள். கடல் தாண்டிப் போய் வந்தவன் குருவிக்குப் பயந்து சட்டி கவிழ்த்துக்கொண்டான் என்று எப்படிச் சொல்வது? முதலை பார்த்தாயா தம்பி என்று ஒருவர் கேட்டார். பார்த்தேன் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஆனால் முதலை என்பது சொன்ன இடத்தில் நிற்கிற மிருகமல்ல. தீபாவளிக்குள் அது கரையேறி என் வேட்டியைக் கவ்விவிட்டது. தைப்பொங்கலுக்கு நான் அதன் கண்ணை உற்றுப் பார்க்க, அது வேட்டியை விட்டுவிட்டுப் பின்வாங்கித் தண்ணீருக்குள் போயிற்று. அப்பா கல்லாவிலிருந்து தலையைத் தூக்கி, வேட்டிக்குக் கிழிசல் உண்டா என்று ஒரே ஒரு தடவை கேட்டார். துணி வியாபாரிக்குத் துணியைப் பற்றித்தானே சந்தேகம் வரும்.

பிறகு எனக்குத் தோட்டத்தில் கிளாக்கர் வேலை கிடைத்தது. கொஸ்லந்தையிலிருந்து வெல்லவாயப் பக்கம் இறங்கும் சரிவில் ஒரு தோட்டம். கோப்பிச் செடிகளை நோய் தின்று முடித்திருந்த காலம் அது. பட்ட கோப்பிக் கட்டைகளுக்கு நடுவே தேயிலைக் கன்று வைத்துக்கொண்டிருந்தார்கள். மேட்டில் துரையின் பங்களா, அதன் கீழே என் ஆபீஸ், அதற்கும் கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள், சுற்றிலும் காடு. சிறுத்தை இருந்தது, பன்றி இருந்தது, மழைக்காலத்தில் யானை ஏறிவரும். ஆனால் ஜனங்கள் உண்மையாகப் பயந்தது கரடிக்குத்தான். யானை வந்தால் தூரத்திலேயே தெரியும். கரடி புற்றுக்குள் மூஞ்சியை விட்டுக் கறையான் தின்றுகொண்டிருக்கும், நாம் போய் அதன்மேல் இடறினால்தான் அதற்கு நாம் தெரியும், நமக்கும் அது தெரியும். அதன் பிறகு அது முகத்தைத்தான் தேடி வரும்.

அந்தக் காட்டைத் தினமும் தாண்டியவர் வீரமலை. திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர், ஒல்லி, நீளக் கால். காலையில் கொஸ்லந்தைக்கு ஏறிப்போய்த் தபால் பையை வாங்கிக்கொண்டு இறங்குவார். என்னைவிட நன்றாக மூத்தவர். நான் அவரை "நீ, வா, போ" என்றுதான் பேசினேன். கிளாக்கர் அப்படித்தான் பேச வேண்டும் என்று இருந்தது. இந்தக் கட்டுரையிலாவது அவரை "அவர்" என்று எழுதிக்கொள்கிறேன்.

காட்டு வாசலில் ஒரு கல் உண்டு. அங்கே நின்று பச்சைக் கொப்பு ஒன்றை ஒடித்துக் கிளையில் மாட்டி, பிள்ளையாரப்பா பாத்துக்க என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவார். எல்லோரும் அப்படித்தான், சிங்களக் கிராமத்து ஆட்களும் அப்படித்தான். நாள்பட்ட கொப்புகள் காய்ந்து குப்பைபோலக் கிடக்கும். அது பிள்ளையாருக்கு. கரடிக்கு வேறு ஏற்பாடு. தடியின் தலையில் ஒரு கொத்துச் சலங்கை கட்டியிருப்பார். நடந்தால் ஜல் ஜல். அது போதாதென்று வாய்க்கு வந்ததைப் பாடிக்கொண்டும் வருவார். பாட்டு என்றால், வேலை வாங்கும் கங்காணியை வைது அவரே கட்டியது. நான் வாறேன், நீ விலகிக்கோ என்று காட்டுக்குச் சொல்லிக்கொண்டே வருகிற நடை. அந்தச் சத்தத்துக்கு எந்தக் கரடியும் பாதையில் நிற்காது.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தொந்தரவு எனக்கு மட்டும்தான் இருந்தது. என்ன தொந்தரவு என்பதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

துரைக்குக் கொழும்பிலிருந்து இங்கிலீஷ் பேப்பர் வரும். அதில் ஒரு தொடர்கதை. பெரிய மாளிகை, படிப்பறையில் பிணம், வீட்டுக்குள்ளேயே கொலைகாரன். அந்தக் கதை என்னைப் பிடித்து ஆட்டியது. துரை படித்து முடித்தபின் கேட்டு வாங்கலாம் என்றால், பங்களாவில் சமையல் செய்த அப்பு அதற்குள் அந்தப் பேப்பரை மீன் கழுவ விரித்துவிடுவார். செதிலும் இரத்தமுமாக என் கதை குப்பைக்குப் போகும். ஆகவே பேப்பர் மேலே போவதற்கு முன்னால் நான் படித்தாக வேண்டும். மேலே சுற்றியிருக்கும் காகிதப் பட்டையை நுனி கிழியாமல் உருவி, படித்து, மறுபடி மாட்டிவிடும் கைவண்ணம் எனக்கு வந்திருந்தது. ஆனால் வீரமலை கீழ் வளைவில் திரும்பும்போதே சலங்கைச் சத்தம் பங்களா வராந்தாவுக்குக் கேட்டுவிடும். துரை நாற்காலியிலிருந்து எழுந்து, பேப்பர் என்று மேலிருந்து கத்துவார். பட்டையை உருவ நேரமிருக்காது.

அந்தச் சலங்கையை எடுத்தாக வேண்டும் என்று நான் முடிவு செய்தேன். எடு என்று உத்தரவு போட்டிருந்தால்கூட அது இவ்வளவு பெரிய பாவமாக இருந்திருக்காது. ஏன் என்று அவர் கேட்டிருப்பார், தலைக்கங்காணி துரையிடம் சொல்லியிருப்பார், விஷயம் அங்கேயே செத்திருக்கும். நான் ஆஸ்திரேலியாவை எடுத்து வெளியே விட்டேன்.

ஆபீஸ் வாசலில் உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்துச் சொன்னேன். சத்தம் கேட்டால் மிருகத்துக்கு ஆத்திரம் வரும். ஆஸ்திரேலியாவில் காட்டுக்குள் யாரும் மூச்சுக்கூடச் சத்தமாக விடமாட்டார்கள். மௌனமாகப் போக வேண்டும். எதிரே எது வந்தாலும் ஓடக்கூடாது, கண்ணுக்குள் கண்ணை விட்டுப் பார்க்க வேண்டும். முதலையையே அப்படித்தான் நிறுத்தினேன்.

அவர் தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கேட்டார். "மொதலைக்கு நிக்கிது, சரிங்க. கரடிக்கும் நிக்குமுங்களா?"

"கரடி என்ன, முதலையைவிடப் பெரிய ஆளா?" என்றேன்.

அது நியாயமாகத்தான் பட்டது அவருக்கு. சலங்கையை அவிழ்த்து, காணாமல் போகாமல் வைத்துக்கொள்ளச் சொல்லி என்னிடமே தந்தார். நான் அதை மேசை இழுப்பறையில், துணித்துண்டில் சுற்றி வைத்தேன். இழுப்பறையைத் திறந்து மூடும்போதெல்லாம் மெல்லச் சிணுங்கும். அன்றைக்கு அது எனக்குக் காரியம் முடிந்த சத்தமாகக் கேட்டது.

அதன் பிறகு சில வாரங்கள் என் வாழ்க்கையில் பொற்காலம். வீரமலை பூனைபோல வந்து பையை வைப்பார். அவர் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் நான் ஒரு அத்தியாயம் முடித்துவிடுவேன். மேலே துரை, இந்தத் தபால் ஏன் இப்போதெல்லாம் தாமதம் என்று உறுமிக்கொண்டிருப்பார். மழை ஐயா என்று சொல்வேன். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

கதையின் கடைசி அத்தியாயம் வரவேண்டிய நாள் வந்தது. கொலை செய்தவர் யார் என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். எனக்குச் சமையற்காரிமேல் சந்தேகம். காலையிலிருந்தே வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தேன். வரும் நேரம் கடந்தது. வெகுநேரம் கழித்து வீரமலை வளைவில் தெரிந்தார். கறுப்புக் கம்பளியைத் தலையோடு சுற்றியிருந்தார். கையில் பை இல்லை.

நான் வாசற்படியில் நின்றபடி கேட்டது இதுதான்.

"பேப்பர் எங்கே?"

அவர் கம்பளியைப் பிடித்த கையை எடுக்காமலே சொன்னார். "மன்னிச்சுக்கங்கய்யா. பையத்தான் அதுகிட்ட வுட்டுட்டேன்."

அப்புறம்தான் கம்பளி நனைந்து சொட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். இடது காது இருக்க வேண்டிய இடத்தில் காது இல்லை. தோளிலிருந்து முழங்கை வரை கிழிந்திருந்தது. அந்தக் காயத்தை நான் மறந்தாலும் மறப்பேன். பேப்பர் எங்கே என்று கேட்ட என் குரலை மறக்க முடியவில்லை. துரைமேல் எனக்கு எவ்வளவு விசுவாசம் என்று தலைக்கங்காணி பிறகு ஊரெல்லாம் மெச்சிப் பேசினார்.

நடந்ததை வீரமலை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபின் வாயாரச் சொன்னார். சொல்லச் சொல்ல லயமே சிரித்தது, அவரும் சிரித்தார். காட்டுப் பாதையில் சத்தம் காட்டாமல் வந்திருக்கிறார். புற்றடியில் ஒருவர் கறுப்புக் கம்பளி போர்த்திக்கொண்டு, இவருக்கு முதுகு காட்டிக் குனிந்து ஏதோ தோண்டிக்கொண்டிருந்தார். தோட்டத்து ஆள் யாரோ, காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகாமல் ஈசல் பிடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்தாராம். நமக்கெல்லாம் மழைக்கும் பனிக்கும் அந்தக் கம்பளிதானே. கிட்டப் போய், "யாருப்பா அது, கங்காணிக்குத் தெரியாம புத்துல கைய வுட்டுக்கிட்டு" என்று முதுகில் தட்டியிருக்கிறார்.

கம்பளி திரும்பியது.

"அப்புறம் ஐயா சொன்ன மாதிரியே கண்ணுக்குள்ள கண்ண வுட்டுப் பாத்தேன். அது ஒரு அடி அடிச்சிச்சு, ஒரு கடி கடிச்சிச்சு. பைய அது மூஞ்சியில வீசுனேன். அத எடுத்துக்கிட்டுப் போயிருச்சு. பாக்காம ஓடியிருந்தா முழுசா முடிச்சிருக்கும். பிள்ளையாரு பாதி, கிளாக்கரய்யா பாதி, ரெண்டு பேருமாச் சேந்து காதோட வுட்டாங்க."

துரை துப்பாக்கியோடு போய்த் தேடினார். கரடி கிடைக்கவில்லை. உண்ணிச்செடிப் புதர் நெடுக இங்கிலீஷ் பேப்பர் கந்தல் கந்தலாகத் தொங்கியது என்று வந்து சொன்னார். படித்துவிட்டுத்தான் கிழித்ததோ என்று அப்பு கேட்டார். நான் சிரிக்கவில்லை.

என் புகழ் அப்போதுதான் உச்சிக்குப் போயிற்று. கடைத்தெருவில் நான் நானாகச் சொன்ன பொய்க்குச் சாட்சி கிடையாது. இப்போது ஒற்றைக் காதோடு ஒரு சாட்சி நடமாடினார். தோட்டம் முழுக்கக் கண் வித்தை பரவிவிட்டது. நாயைப் பார்த்தார்கள், கிடாயைப் பார்த்தார்கள். கொழுந்து எடுக்கும் பெண்ணொருத்தி தலைக்கங்காணியின் முரட்டு மாட்டை முறைத்து நிற்க, அது அவள் முந்தானையைத் தின்றுவிட்டுப் போனது. ஒரு காலைப் பெரட்டில், வரிசையில் நின்ற அத்தனை பேரும் கூட்டமாகத் துரையின் கண்ணையே பார்த்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றித் தடவிப் பார்த்தார், சட்டைப் பொத்தானைப் பார்த்தார், என்னைக் கூப்பிட்டு இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று மெல்லக் கேட்டார். யாரையும் வையாமல் அன்றைக்குச் சீக்கிரமே பங்களாவுக்குப் போய்விட்டார். வித்தை பலிக்கிறது என்பதற்கு அதுவும் ஒரு கணக்கு.

இதெல்லாம் வேடிக்கைதான். ஆனால் காயம் ஆறிவந்த வீரமலை, நாளையிலிருந்து மறுபடி தபால் தூக்குகிறேன் என்று வந்து நின்றார். சலங்கையைக் கட்டிக்கொள் என்றேன். அவர் என்னை அன்பாகப் பார்த்தார்.

"இனிமே சலங்க எதுக்குய்யா? அதான் கண்ணு இருக்கே."

அதே கரடி, அதே புற்று, அதே பாதை. இந்த முறை காதோடு விடாது. நாளைக் காலை அவர் சத்தமில்லாமல் காட்டுக்குள் போய், கரடி எதிரே நின்று, ஒரு குருவிக்குச் சொன்ன வைத்தியத்தை அதற்குச் செய்வார். அதைத் தடுக்க உலகத்தில் ஒரே ஒரு வழிதான் இருந்தது. நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்வது.

சாயங்காலம் சலங்கையை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். கிளாக்கர் லயத்துக்கு வருவது வழக்கமில்லை, அக்கம்பக்கத்துக் கதவெல்லாம் திறந்தது. வீரமலையின் மனைவி பலகையைத் துடைத்துப் போட்டுத் தேத்தண்ணி வைத்தார். வழியெல்லாம் சொல்லவேண்டியதைக் கட்டிக்கொண்டுதான் போயிருந்தேன். முதலை பொய், பேப்பருக்காகத்தான் சலங்கையை அவிழ்க்க வைத்தேன், என்னை மன்னித்துவிடு. இவ்வளவுதான். உட்கார்ந்ததும் வீரமலை பக்கத்து வீட்டுக்காரரிடம், பாத்தியா, ஐயாவே வந்திருக்காக என்று சொன்னார். அந்தப் பெருமையைக் கேட்டதும் என் நாக்கு பழைய தடத்துக்குத் திரும்பிவிட்டது.

"ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்," என்றேன். "கண் பார்வை ஒரு கரடிக்கு ஒரு தடவைதான் பலிக்கும். இரண்டாவது தடவை அதற்கு ஆளை அடையாளம் தெரிந்துவிடும். அதற்கப்புறம் சலங்கைதான். ஆஸ்திரேலியாவிலும் அப்படித்தான்."

வீரமலை தலையாட்டிக்கொண்டார். அவர் மனைவி அடுப்பிலிருந்து திரும்பாமலே கேட்டார்.

"அப்ப மொத தடவையே சலங்கையோட போயிருந்தா?"

நான் தேத்தண்ணியைக் குடித்தேன். அது கொதித்துக்கொண்டிருந்தது. நாக்கு வெந்தது, அதுவும் தகும் என்று விழுங்கினேன். பிறகு அந்த அம்மாவே சொன்னார். "போகட்டும். இப்பயாச்சும் ஐயாவுக்கு ஞாபகம் வந்துச்சே." அது நம்பிச் சொன்னதா, எல்லாம் புரிந்து சொன்னதா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கண் எழவில்லை. கண் வித்தைக்காரன் கண்.

சலங்கையை என் கையாலேயே தடியில் கட்டினேன். மறுநாள் காட்டுக்குள் ஜல் ஜல் என்று கேட்டது. பாட்டும் கேட்டது, புதிய பாட்டு, அதில் கரடியும் நானும் இருந்தோம். துரைக்குப் பேப்பர் உடனுக்குடன் போயிற்று. நான் அதன் பிறகு பட்டையை உருவியதில்லை. கரடியும் அவரை அதன்பின் தொட்டதில்லை. என் பிராயச்சித்தம் அவ்வளவுதான், அதையும் பொய் சொல்லித்தான் செய்தேன். பல வருஷம் கழித்து, நான் நமுனுகுலப் பக்கம் வேறு தோட்டத்தில் இருந்தபோது, அவர் காய்ச்சலில் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அதற்குள் எத்தனையோ தடவை சந்தித்திருந்தோம். பதுளைக் கோயில் திருவிழாவில் என்னைக் கண்டால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கூட வந்தவர்களிடம் காதில்லாத பக்கத்தைக் காட்டி என்னையும் காட்டுவார். இன்னொரு திருவிழாவில் சொல்லலாம், இன்னொரு திருவிழாவில் சொல்லலாம் என்று நான் இருந்துவிட்டேன்.

அந்தத் தொடர்கதை புத்தகமாக வந்ததைக் கொழும்பில் ஒரு கடையில் பார்த்தேன். கையில் எடுத்தேன். கடைசிப் பக்கத்தைத் திருப்பினால் தெரிந்துவிடும். வைத்துவிட்டு வெளியே வந்தேன். கொலை செய்தவர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஸ்டேஷனில் பனங்கட்டிப் பெட்டிமேல் உட்கார்ந்தபடி, இதையெல்லாம் சுப்பையாவிடம் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. குருவி, சட்டி, பட்டை, பேப்பர் எங்கே என்று கேட்டது, எல்லாம். உன் அப்பாவின் காது போனது என்னால்தான் என்றேன். கங்காரு புல்லை மென்றுகொண்டு கேட்டது.

சுப்பையா பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும் தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தேன். வந்தது சிரிப்பு.

"எங்கப்பா சொல்லிட்டுத்தான் போயிருக்காருய்யா. படிச்ச மனுசரு, தன் பெருமைய தானே பேசமாட்டாரு, கேட்டா இல்லவே இல்லன்னுதான் சொல்லுவாருன்னு."

இல்லையப்பா, நிஜமாகவே குருவிதான் என்றேன். சரிங்கய்யா, சரிங்கய்யா என்றார், குழந்தையைச் சமாதானம் செய்கிற குரலில். பிறகு கூண்டுக்குப் பக்கத்தில் போனார். இடுப்பில் கையை ஊன்றி, முகத்தைக் கம்பிக்குக் கிட்டே வைத்து, கங்காருவின் கண்ணுக்குள் கண்ணை விட்டுப் பார்த்தார். வீரமலை நிற்கிற மாதிரியே நின்றார், அதே நீளக் கால். கங்காரு ஒரு தும்மல் தும்மிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது.

"பாத்தீங்களா?" என்றார் சுப்பையா.

என் ஆஸ்திரேலியாவை என்னாலேயே இனித் திருப்பி வாங்க முடியாது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அவர் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் பின்னால் போனேன்.

கொஸ்லந்தைக் காட்டுப் பாதை இப்போது இல்லை. அந்தச் சரிவு முழுக்கத் தேயிலை, நடுவே கார் ஓடுகிற ரோடு. கொப்பு மாட்டிய இடத்துக் கல்லை ரோட்டுக்கு உடைத்துவிட்டார்களாம். கரடிகள் கீழே வெல்லவாயக் காட்டுக்கு இறங்கிவிட்டன, இருந்தால் இருக்கும். தபால் ரயிலில் வருகிறது. எனக்கும் இப்போது வீட்டு வாசலுக்கே பேப்பர் வருகிறது, என் பெயரே எழுதிய பட்டையோடு. யாருக்கும் முன்னால் நானே பிரிக்கலாம், யாரும் மேலிருந்து கத்தமாட்டார்கள். ஆனாலும் பட்டையில் விரலை வைத்ததும் கொஞ்சம் நிற்கிறேன். கீழ் வளைவில் ஜல் ஜல் என்று கேட்கிறதா என்று காது பார்க்கிறது. கேட்டால்தானே பிரிப்பதற்கு. பல நாள் பேப்பர் மத்தியானம் வரை பட்டையோடேயே மேசையில் கிடக்கிறது.